இடது இடுப்பில் ஒரு பட்டன்

என் மனைவியைப் புள்ளிக்கோட்டில் வரையச் சொன்னார்கள்.

பேட்டன்ட் விண்ணப்பத்துக்குப் படம் போடுவதில் அப்படி ஒரு வழக்கம் உண்டாம். கண்டுபிடித்த சாமானை முழுக்கோட்டில் வரைய வேண்டும். அதைப் போட்டுக்கொண்டிருக்கும் ஆள் கண்டுபிடிப்பில் சேர்த்தியில்லை. அதனால் ஆளைப் புள்ளி புள்ளியாக, இருந்தும் இல்லாத மாதிரி வரைய வேண்டும். நான் கொண்டுபோன படத்தில் பெல்ட், வளைத்த குழாய், கொழுந்துப் பை எல்லாம் அளவு தப்பாமல் இருந்தன. நடுவில் அவளையும் ஒழுங்காக, மூக்குத்தியோடு, தலையில் கட்டிய துண்டோடு வரைந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போயிருந்தது.

பதுளையில் கண்டுபிடிப்புக்காரர்களுக்கு ஆலோசனை சொல்வதற்கென்று ஓர் அலுவலகத்தில் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். சிங்களப் பெண். சின்ன வயது. படித்துப் பழகிய தமிழை நிதானமாகப் பேசுவார். எல்லோரையும்போல நானும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவேன். அவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க ஐயா. ஆனா இந்த அம்மாவ இப்படிப் போட ஏலாது. முகம் வேண்டாம். உடம்பு மட்டும், அதுவும் புள்ளிக்கோட்டில."

"ஏன் மிஸ்?"

"அவங்க கண்டுபிடிப்பில சேர்த்தி இல்லைதானே."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ஃபிட்டராக இருந்த காலம் முழுவதும் அதனால் கெட்ட பேர் வாங்கியவன் நான். அன்றைக்கும் படத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் கை போனது. ஆனால் அந்தப் பெண் சொன்னதில் குற்றம் எதுவும் இல்லை. விதி அதுதான். நான் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அந்தச் சாமான் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பெண்கள் பையை முதுகில் போட்டு, அதன் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொள்வார்கள். பை நிரம்ப நிரம்ப பாரமெல்லாம் கழுத்தில் இறங்கும். மழை நாளில் நனைந்த கொழுந்தென்றால் கேட்கவே வேண்டாம். என் மனைவிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் திரும்ப வேண்டுமென்றால் உடம்போடு சேர்த்துத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. கூப்பிட்டால் அவள் முழுசாகத் திரும்பிப் பார்ப்பதை நான் முதலில் கேலி செய்துகொண்டிருந்தேன். பிறகுதான் அதில் கேலிக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

வயர் இழுக்கிற பி.வி.சி. குழாய்க்குள் மணலை நிரப்பிச் சூடு காட்டினால் நசுங்காமல் வளையும். அப்படி இரண்டு குழாய்களை வளைத்து, மேலே பையின் வாய் எப்போதும் திறந்தே இருக்கிற மாதிரியும், கீழே இடுப்பில் போய் உட்காருகிற மாதிரியும் ஒரு சட்டம் செய்தேன். அதை இடுப்போடு சேர்த்துக் கட்ட, பதுளையில் பழைய வாகனச் சாமான் விற்கிற கடையில் வாங்கிய சீட் பெல்ட். சிவப்புப் பட்டனை அழுத்தினால் பெல்ட் கழன்றுகொள்ளும், பை பின்னால் இறங்கிவிடும். மடுவத்தில், கொழுந்து நிறுக்கிற இடத்தில், பையை இறக்க இன்னொருத்தியைக் கூப்பிட வேண்டியதில்லை. மலையில் வழுக்கினாலும் பை ஆளை இழுத்துக்கொண்டு போகாது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

செய்தது நான்தான். ஆனால் எங்கே வளைக்க வேண்டும் என்று சொன்னது அவள். முதலில் செய்தது விலாவில் குத்தியது. அடுத்தது குனியும்போது பிடரியில் இடித்தது. ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்றி என் முன்னால் வைத்துவிட்டு, "இந்தாங்க, ஒங்க நுகத்தடி" என்பாள். பிறகு எந்த இடத்தில் என்ன செய்தது என்று விரலால் தொட்டுக் காட்டுவாள். பட்டனை நான் ஊர் உலக வழக்கப்படி வலப் பக்கம்தான் வைத்திருந்தேன். அவள்தான் இடப் பக்கம் மாற்றச் சொன்னாள். ஏனென்றால் அவள் இடக் கைக்காரி.

அது எங்கள் பக்கம் லேசுப்பட்ட சங்கதி இல்லை. சின்ன வயதிலிருந்தே இடக் கையால் எடுத்ததற்கும் கொடுத்ததற்கும் அடி வாங்கியவள். சோறு பரிமாறும்போது கை மாறிவிட்டால் என் அம்மா தட்டையே தள்ளிவைத்துவிடுவார். லயத்தில், நாங்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடுகளில், அவளுக்குப் பட்டப் பெயர் பீச்சாங்கை. மடுவத்தில் அவளைத் தேடினால், "பீச்சாங்கை இப்பதான் போகுது" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். சிரித்தாலும் உள்ளுக்குள் அது அவளைக் குத்தியது என்று எனக்குத் தெரியும். பட்டனை இடப் பக்கம் மாற்றிக் கொடுத்த அன்றைக்கு அவள் அதை அழுத்தி அழுத்திக் கழற்றிப் பார்த்தாள். "ஒலகத்துல எனக்குன்னு செஞ்ச ஒரே சாமான் இதுதான்" என்றாள்.

ஒரு வருஷம்கூட அதைச் சரியாகப் போடவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்றாள். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். திரும்பிப் போகும்போது அவள் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. எனக்கும் பென்ஷன் வயது வந்துவிட்டது. லயத்துக் காம்பிராவை, எங்கள் ஒற்றை அறையை, தம்பி குடும்பத்துக்கு விட்டுவிட்டு டவுனுக்கு இறங்கிவிட்டேன். இப்போது மோட்டார் சுற்றுகிற கடையொன்றில் வேலை. வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர்களின் தண்ணீர் மோட்டார்கள் எரிந்துபோய் வரும். அவற்றைப் பிரித்து, செப்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும். கடைக்கு மேலேயே என் அறை.

தனிமை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது தெரிந்தது தொண்டையில்தான். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. அன்று முழுவதும் பேச ஆள் இல்லை. திங்கட்கிழமை காலையில் எதிர்க்கடையில் ஒரு பிளேன்டீ கேட்க வாயைத் திறந்தால் சத்தம் வராது, காற்றுத்தான் வரும். இரண்டாவது தடவை கேட்டால்தான் வார்த்தை வரும். தேநீர்க்கடைப் பையன் தடிமலா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரம் நின்று, கீழே போகிற பஸ்களின் போர்டை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். தொண்டை துருப்பிடிக்காமல் இருக்க.

மோட்டார் கொண்டுவந்த ஒருவர்தான் என் அறையில் தொங்கிய பெல்ட்டைப் பார்த்துவிட்டு, இதற்கு பேட்டன்ட் எடுத்தீர்களா என்று கேட்டார். அரசாங்கத் தமிழில் அதற்கு ஆக்கவுரிமை என்று பெயர். முதலில் எனக்கு அதில் அக்கறை இல்லை. பிறகு அவர் இன்னொன்று சொன்னார்: அந்தப் பத்திரத்தில் யார் உரிமைக்காரர் என்பது ஒரு இடம், யார் கண்டுபிடித்தவர் என்பது வேறு இடம். கண்டுபிடித்தவர் பெயரை எப்படியும் போட்டாக வேண்டும். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட வேண்டும், அது அச்சில் வர வேண்டும் என்று மனத்தில் ஒன்று விழுந்துவிட்டது. செக்ரோலில் அவள் பெயர் இருந்தது உண்மைதான். அது நாள் சம்பளத்துக்காக எழுதிய பெயர். அவள் யோசித்த ஒன்றுக்குப் பக்கத்தில் அவள் பெயர் எங்கேயும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தா" என்பேன். கோபம் என்றால் "ஏய்". அவளும் "இந்தாங்க"வோடு சரி. எங்கள் லயத்தில் எல்லாரும் அப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள், யாருக்கும் குறையாகப்படவில்லை. இப்போது ஒற்றை ஆளாக உட்கார்ந்து அந்தப் பெயரை எழுதிப் பார்க்கும்போது, வாயால் சொல்ல வரவில்லை. பஸ் போர்டெல்லாம் படிக்கிற வாய்க்கு அது மட்டும் முடியவில்லை.

மிஸ் பொறுமைசாலி. இறந்தவரின் பெயரையும் கண்டுபிடித்தவராகப் போடலாம், நீங்கள் கணவர்தானே, விண்ணப்பத்தை நீங்கள் கொடுக்கலாம் என்று முதல் நாளே சொன்னார். எனக்கு உயிர் வந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். இதற்கு முன்னால் என்ன இருந்தது, அதில் என்ன கஷ்டம், இது அந்தக் கஷ்டத்தை எப்படித் தீர்க்கிறது. "அந்த அம்மா அப்ப என்ன சொன்னாங்க?" "எந்த இடத்தில குத்தினது?" நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். அவளைப் பற்றி வாய் வலிக்கப் பேச எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த மேசைதான். போகப் போக, பதில் தெரிந்த கேள்விகளையே எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்துக்கு எவ்வளவு ஓரம் விட வேண்டும், படத்தில் எண்கள் எங்கே வர வேண்டும், இப்படி. விண்ணப்பம் சீக்கிரம் முடிய வேண்டும் என்றும் இருந்தது, முடிந்துவிடக் கூடாது என்றும் இருந்தது.

தட்டச்சு செய்தது பஜாரில் கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கும் நானா. என்னைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் முஸ்லிம் கடைக்காரர் யாராக இருந்தாலும் எங்களுக்கு நானா, அவருக்கு நாங்கள் அண்ணன். போட்டோகொப்பி மெஷினைத் தட்டிக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவார். கண்டுபிடிப்பில் எதற்கு உரிமை கேட்கிறோமோ அதை ஒரே வசனத்தில் எழுத வேண்டும், முற்றுப்புள்ளி கடைசியில்தான். அது என்ன கணக்கோ தெரியாது. குழாய், வளைவு, பையின் வாய், பெல்ட், பட்டன் எல்லாம் அந்த ஒரே வசனத்துக்குள் வர வேண்டும்.

"அண்ணே, இது வசனமா கோச்சியா?" என்றார் நானா. "இழுத்துக்கிட்டே போகுது. பதுளை ஸ்டேசனுக்கு வந்து சேராது போல."

"வரும், அடிங்க."

"கண்டுபிடிப்பின் தலைப்பு என்னா போடுறது? நுகத்தடிண்டு போடவா?"

அந்தப் பேச்சை அவரிடம் நான்தான் ஒருநாள் சொல்லியிருந்தேன். சிரிக்க வேண்டும் என்றுதான் அவர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது. அவர் கவனித்துவிட்டு ஒரு வடையை என் பக்கம் நகர்த்திவைத்தார். கடைசியில் மிஸ் சொன்ன தலைப்பையே போட்டோம்: 'கொழுந்து சேகரிக்கும் பையைத் தாங்குவதற்கான இடுப்பு அமைப்பு.' அந்தத் தலைப்பைப் படித்தால் சாமான் செய்தவனுக்கே அது என்னவென்று விளங்காது.

அந்த நீள வசனத்தில் நான் 'இடது பக்கத்தில் அமைந்த பட்டன்' என்று எழுதியிருந்தேன். மிஸ் அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார்.

"இடது பக்கம்னு எழுதினா, நாளைக்கு இன்னொருத்தர் வலது பக்கம் வச்சுச் செய்வார். இது வேறன்னு சொல்வார். அதனால 'ஒரு பக்கத்தில்'னு எழுதுங்க ஐயா. அப்ப ரெண்டும் நமக்குத்தான்."

கெட்டிக்காரத்தனமான யோசனை. உங்களிடம் ஒரு காணியைக் கொடுத்து எல்லைக்கல் போடச் சொன்னால் நீங்களும் கொஞ்சம் தள்ளித்தான் போடுவீர்கள். எனக்கு அது விளங்கியது. இருந்தாலும் நானாவின் கடையில் அந்த 'இடது' அழிந்து 'ஒரு' ஆனபோது, மறுபடியும் யாரோ அவள் கையில் அடித்தது போலிருந்தது. முகம் போய்ப் புள்ளியானாள். இப்போது கையும் போனது. பெயராவது மிஞ்சுமே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து, கையெழுத்துப் போட வேண்டிய நாள் வந்தது. நான் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போனேன். மிஸ் தாள்களை அடுக்கிவிட்டு, வழக்கமாகக் கேட்பது என்று சொல்லி ஒன்று கேட்டார்.

"இத வெளியில காட்டியிருக்கீங்களா? கண்காட்சி, டீவி, பேப்பர், அப்படி எங்கயாவது?"

"சேச்சே. எங்கேயும் இல்ல மிஸ்."

"வேற யாரும் பார்க்கலயா?"

"சாமிக்கு வச்சோம், அவ்வளவுதான்" என்றேன்.

இங்கேதான் எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் புதிதாக எந்த ஆயுதம் வந்தாலும் சாமிக்கு வைக்காமல் கையில் எடுக்க மாட்டோம். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியானாலும் சரி, மண் கிளறுகிற முள்ளுக்கரண்டியானாலும் சரி. ஆயுத பூசையன்று ஸ்டோரில் மெஷின்களுக்கு மாலை போட்டு, கத்தி, மண்வெட்டி, கொழுந்துப் பை எல்லாவற்றையும் பரப்பிச் சந்தனம், குங்குமம் வைப்போம். என் மனைவி சாதாரண நாளில் அதைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போக மாட்டேன் என்று பூசை வரை காத்திருந்தாள். பெல்ட்டைக் கொண்டுவந்து, எல்லாச் சாமான்களுக்கும் முன்னால், நடுவில் வைத்தாள். பூசை முடிந்ததும் தோட்டமே வந்து பார்த்தது. அவள் போட்டுக் காட்டினாள். பட்டனை அழுத்திக் கழற்றிக் காட்டினாள். மற்றப் பெண்களும் போட்டுப் பார்த்தார்கள். குழாயை எங்கே வளைக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் விரலால் தொட்டுக் காட்டினாள். பீச்சாங்கையைச் சுற்றி அவ்வளவு கூட்டம் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சந்தனம் வைத்த பெல்ட்டோடு அவள் நிற்கிறதை யாரோ ஃபோனில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார்கள். என்னிடம் இருக்கிற படங்களில் அவள் கழுத்தை நிமிர்த்திச் சிரிப்பது அது ஒன்றில்தான்.

இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்லி முடித்தேன். படத்தையும் காட்டினேன். மிஸ் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"இது எந்த வருஷத்துப் பூசை ஐயா?"

சொன்னேன்.

அவர் விரல்விட்டு வருஷங்களை எண்ணினார். பிறகு மெதுவாக விளக்கினார். கண்டுபிடித்தவர் தானாகவே காட்டினால் ஒரு வருஷம் வரை பாதகமில்லை, அதற்குள் விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் அது ஊருக்குத் தெரிந்த பொருள், புதியது என்று சொல்ல முடியாது. புதியது இல்லையென்றால் பேட்டன்ட் இல்லை. "அந்த அம்மா எல்லாருக்கும் காட்டியிருக்காங்க. செய்யவும் சொல்லிக் குடுத்திருக்காங்க. அதுதான் கஷ்டம்" என்றார். அவருக்கே முகம் வாடிவிட்டது. யோசித்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று தாள்களை உறையில் போட்டுக் கொடுத்தார்.

நானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரே போடாகப் போட்டார்.

"சாமிக்குக் காட்டினதெல்லாம் ஒரு கணக்கா அண்ணே? கொழும்பில இருக்கிறவனுக்கு உங்கட தோட்டத்துப் பூசை தெரியுமா? பேசாமக் குடுங்க. ஃபோட்டோவ அழிச்சிடுங்க, முடிஞ்சிது."

"பொய்யில்லையா நானா?"

"யாரு இப்ப அதப் போடுறாங்க? அவங்களோட அதுவும் போயிருக்கும். போய்ப் பாத்துட்டு வாங்க. ஒருத்தரும் போடலண்டா, அது புதுசு மாதிரித்தானே?"

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் ஆசை விடவில்லை. தோட்டத்தில் யாரும் அதை நினைவில் வைத்திருக்கவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடலாம். யோசித்துப் பாருங்கள், பெண்டாட்டி செய்ததை உலகம் மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போகிற புருஷனை. பெயர் அச்சில் வர வேண்டுமென்றால் அவள் அதை யாருக்கும் காட்டியதே இல்லை என்று நான் எழுத வேண்டும். அந்தப் படத்தையும் அழிக்க வேண்டும். அழிக்கிற பட்டன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

வார நாளில் ஒரு லீவு சொல்லிவிட்டு பண்டாரவளைக்குப் போய், அங்கிருந்து பூனாகலைப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்தேன். எங்கள் டிவிசனுக்கு இன்னும் தூரம் இருந்தது. பனி முழுவதும் விலகியிருக்கவில்லை. ஒரு வளைவில் எதிரே லொறி வந்ததால் பஸ் ஒதுங்கி நின்றது. நான் ஜன்னல் வழியாகச் சும்மா மலையைப் பார்த்தேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களின் தோளுக்கு மேலே வளைந்த குழாய்கள் தெரிந்தன. ஒன்றல்ல. மேலே ஒரு நிரை, கீழே ஒரு நிரை, எல்லாவற்றிலும். கறுப்புக் குழாய், வெள்ளைக் குழாய், ஒன்றிரண்டு மூங்கில். வளைவு மட்டும் ஒரே இடத்தில்.

"எறங்கணும், எறங்கணும்" என்று கத்தினேன். கொண்டக்டர் திட்டிக்கொண்டே கதவைத் திறந்தான்.

அது எங்கள் தோட்டம் இல்லை, வேறு தோட்டம். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. ரோட்டோரத்து நிரையில் ஒரு பெண் இருந்தாள். என் மனைவி எங்கள் லயத்துக்கு வந்தபோது இருந்த வயது இருக்கும்.

"இந்த பெல்ட்டு எங்கம்மா வாங்கினது?" என்று கேட்டேன்.

"வாங்கலண்ணே. வீட்டுல செஞ்சு குடுத்தாங்க. இங்க எல்லாரும் செஞ்சுக்கிறதுதான்."

அவளுடையதில் சீட் பெல்ட் இல்லை, பழைய புத்தகப் பையின் வாரும் கிளிப்பும். கிளிப் இடது இடுப்பில் இருந்தது. நான் மேலே பார்த்தேன். தெரிந்தவரை எல்லாருக்கும் இடது இடுப்பில்தான்.

"கழட்டிக் காட்டுறியாம்மா?"

அவள் வலது கையிலிருந்த கொழுந்தைப் பைக்குள் போட்டுவிட்டு, இடது கையைக் கீழே கொண்டுபோய் கிளிப்பைத் தேடினாள். ஒரு தடவையில் பிடிபடவில்லை. இரண்டாம் தடவை அழுத்தினாள். பை பின்னால் சரிந்து இறங்கியது.

"நீ சோத்துக் கைக்காரிதானே? வலப் பக்கம் வச்சா லேசா இருக்குமே?"

"எல்லாரும் இந்தப் பக்கம்தாங்க வக்கிறாங்க. இதுக்குப் பேரே பீச்சாங்கை பெல்ட்டு."

எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி கேட்டேன். "என்ன பேரு?"

"பீச்சாங்கை பெல்ட்டு" என்று அவள் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள். "அந்தப் பக்கத்துத் தோட்டத்துல ஒரு அக்கா இருந்துச்சாம். பீச்சாங்கை அக்கா. அதுதான் மொதல்ல செஞ்சுச்சாம். பூசையில வச்சு எல்லாருக்கும் காட்டிக் குடுத்துச்சாம். இப்ப இல்ல, செத்துப் போச்சுன்னு சொன்னாங்க. நான் வெலிமடையில இருந்து கல்யாணம் முடிச்சு வந்தவங்க, பாத்ததில்ல. இத மாட்டுறப்ப எல்லாம் அந்த அக்காவ நெனச்சுக்குவோம். கழுத்து வலிக்கலைல்ல."

எத்தனை பேர் அந்தக் கைக்காக அவளை அடித்தார்கள். இந்த மலையில் அத்தனை பெண்களும் அவள் கையால்தான் பையை இறக்குகிறார்கள். ரோட்டில் நின்றுகொண்டு அழுதேன். மறைக்கவும் முடியவில்லை. அந்தப் பெண் பயந்துபோனாள்.

"என்னங்கண்ணே? ஏங்க?"

"அந்த அக்கா என் பொஞ்சாதிம்மா."

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். கையோடு கொண்டுவந்திருந்த உறையும் அதற்குள் இருந்த தாள்களும் பனியில் நனைந்துகொண்டிருந்தன. அதில் என் மனைவி புள்ளிக்கோட்டில் இருந்தாள். அந்தக் காகிதத்துக்காக அந்த ஃபோட்டோவை அழிக்கவும், இந்த மலையை இல்லை என்று சொல்லவும் ஒருத்தன் கிளம்பி வந்தானே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

"அக்கா பேரு என்னங்கண்ணே?" என்று அந்தப் பெண் கேட்டாள். "இங்க யாருக்கும் தெரியாது. பீச்சாங்கை அக்கான்னே சொல்லிட்டோம். பாவமில்லையா?"

வாயைத் திறந்தேன். திங்கட்கிழமைக் காலை மாதிரி காற்றுத்தான் வந்தது. அவள் காத்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது தடவை சொன்னேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இங்கே அதை எழுத மாட்டேன். எழுதி அச்சில் போட வேண்டும் என்ற வெறி அன்றோடு போய்விட்டது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்த மலைக்குப் போய்க் கேளுங்கள்.

அந்தப் பெண் ஒரு தடவை அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு பையைத் தூக்கி மாட்டி, இடது கையால் கிளிப்பைப் பூட்டிக்கொண்டு, மேல் நிரையில் நின்றவளைக் கூப்பிட்டு அந்தப் பெயரைச் சொன்னாள். அவள் அதற்கு மேல் நிரைக்குச் சொன்னாள்.